பன்றிக்கு வாங்கிய துப்பாக்கி

சங்கரன்கோவில் தாலுகா,
கார்த்திகை 24, புதன்கிழமை.

அன்பு மகன் அருண்பாண்டியனுக்கு அப்பா தங்கசாமி எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் கோகிலாவும் பேரன் அபிஷேக்கும் அபுதாபியில் நோய் நொடி இல்லாமல் இருக்க சங்கரலிங்க சாமியும் கோமதியம்மையும் துணை நிற்கட்டும். இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே, அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன், பொறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுகிறாய். நான் கோபப்படும்போது மட்டும் எப்படித்தான் உனக்கு மீட்டிங் வருமோ தெரியவில்லை. கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாது, வெட்டினாலும் மிச்சம் மேஜைமேல் கிடக்கும். கடையநல்லூர் ரிபாயி லீவு முடிந்து உன் ஊருக்குத் திரும்புகிறார், கருப்பட்டியும் மோர் மிளகாயும் அம்மா கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதோடு இதையும் அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். கருப்பட்டியைத் தின்பதற்கு முன்னால் இதைப் படி.

கார்த்திகை பிறந்த கொஞ்ச நாளில் ஒரு காலையில் நான் மோட்டார் போட்டுவிட்டு வந்து காப்பித் தம்ளரைக் கையில் வாங்குகிறேன், வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ.யும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். நம் வீட்டுக்கு போலீஸ் வருவது புதிதில்லை, துப்பாக்கி லைசென்ஸ் புதுப்பிக்கிற வருஷமெல்லாம் விசாரணைக்கு ஒருவர் வருவார், அம்மா மோர் கொடுப்பாள், போய்விடுவார். அதுபோல என்று நினைத்து நாற்காலியை எடுத்துப் போட்டேன். அந்த எஸ்.ஐ. உன்னைவிடச் சின்னவர், உட்காரவில்லை. தன் போனை எடுத்து என் முன்னால் நீட்டி, "ஐயா, இது ஒங்க வீடுதானே, இது ஒங்க துப்பாக்கிதானே, இவரு யாரு" என்று கேட்டார். பார்த்தேன். என் வீடு, என் ஒற்றைக்குழல், என் மகன். நீ லீவுக்கு வந்திருந்தபோது ஆயுத பூஜை அன்று எடுத்த வீடியோ. பூஜைப் பலகையில் அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றோடும் சந்தனம் குங்குமம் வைத்து நான் சாத்தி வைத்திருந்த துப்பாக்கியை, நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எடுத்திருக்கிறாய். கறுப்புக் கண்ணாடி, வெள்ளை வேட்டி, மீசையை வேறு முறுக்கி வைத்திருந்தாய். பக்கத்தில் அபிஷேக்கை நிறுத்தி அவன் தோளில் இரட்டைக்குழலைச் சாய்த்திருந்தாய். பின்னால் நம் சாதிப் பெருமை பாடுகிற அந்தப் பாட்டு, அதில் மற்றவர்களை என்ன செய்வோம் என்று வருகிற வரி சரியாக வரும்போது நீ துப்பாக்கியை மெதுவாக உயர்த்துகிறாய். கீழே எழுதியிருந்ததை அந்த எஸ்.ஐ. எனக்கு வாசித்துக் காட்டினார். "நாலு தலைமுறை. குறி தப்பாது." இதை ஒரு போலீஸ்காரர் வாயால் என் வாசலில் நின்று கேட்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருக்கிறது பார்.

குறி தப்பாதாம். உன் வாழ்க்கையில் எதைக் குறி பார்த்தாய், சொல்லு. தோட்டாவை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட உனக்குத் தெரியாது. உன் மாமன் மகன் கல்யாணத்தில் பலூன் சுடுகிற கடையில்கூட நீ ஒன்றும் உடைக்கவில்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன். அது போகட்டும். மறுநாள் நீ போனில் சொன்ன சமாதானம்தான் என்னை இன்னும் எரிக்கிறது. "வெறுங்குழல்தானப்பா, தோட்டாவே இல்லையே, ரீல்ஸுக்கு எடுத்தது, இதுக்குப் போயி" என்றாய். வெறுங்குழல் என்று ஒரு வார்த்தையை இந்த வீட்டில் அப்படிச் சொல்ல உனக்கு வாய் வந்ததே. நம் வீட்டில் வெறுங்குழல் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னாய். இருந்தாலும் ஒரு தடவை எழுதுகிறேன், உன் பிள்ளையும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று கோகிலா சொன்னாள், அவனும் படிக்கட்டும்.

உன் தாத்தா வெள்ளத்துரை அந்த ஒற்றைக்குழலை வாங்கியது பன்றிக்கு. உளுந்து, நிலக்கடலை, சோளம் எது போட்டாலும் காட்டுப்பன்றி வந்து உழுதுவிட்டுப் போகும், நம் மானாவாரிக்கு மழை ஒரு எதிரி என்றால் பன்றி இன்னொரு எதிரி. இரட்டைக்குழல் பிறகு வந்தது. தாத்தாவின் அப்பா காலத்துக் கரிமருந்துத் துப்பாக்கி ஒன்றும் இருந்தது, ஒரு லைசென்ஸுக்கு இரண்டுதான் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது அதை நானே கொண்டுபோய் அரசாங்கத்திடம் ஒப்படைத்தேன், அன்றைக்கு வீடே சாவு வீடாக இருந்தது, ஆனாலும் சட்டம் சட்டம்தான். இந்தத் துப்பாக்கிகள் நம் வீட்டில் கைமாறுவதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்கிக்கொள்கிறவன் முதலில் ஒரு வருஷம் வெறுங்குழலைச் சுமக்க வேண்டும். தோட்டா கிடையாது. விதைப்பிலிருந்து அடுத்த விதைப்பு வரைக்கும் நம் மானாவாரிக் காட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் தோளில் இருக்க வேண்டும், வரப்பில் ஆள் வந்தால் குழல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பெரியவர் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சுமந்த வருஷம் உன் தாத்தா வேலியோரம் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற மாதிரி இருப்பார், கண் மட்டும் என் குழல்மேல்தான். ஒரு நாள் தண்ணீர் கொண்டுவந்த பெண்பிள்ளைக்கு வழிவிட நான் திரும்பினேன், குழலும் கூடத் திரும்பி அவள் பக்கம் போய்விட்டது, ஒரு நொடிதான். தாத்தா எழுந்து வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, "நாளையில இருந்து மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பி" என்றார். பாதி வருஷம் சுமந்தது போச்சு. அந்தப் பெண்பிள்ளைதான் உன் அம்மா, அவளிடமே கேட்டுப் பார்.

அப்படிச் சுமந்து வாங்கிய துப்பாக்கியை நீ ஒரு நாள்கூடச் சுமக்காமல் எடுத்து எங்கே திருப்பினாய் தெரியுமா? போனைப் பார்த்துத் திருப்பினாய். அந்த வீடியோவை யார் பார்த்தாலும் குழல் அவன் நெஞ்சுக்கு நேராக நிற்கிறது. அதை உனக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு அப்பன் வேண்டுமா, படித்த பிள்ளைக்கு? எஸ்.ஐ. போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தபோது என் மகனே என்னைக் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் போனைத் தள்ளிவிட்டு உள்ளே போய் இரண்டு துப்பாக்கியையும் எடுத்துவந்து கொடுத்தேன். தோட்டாப் பெட்டியையும் கொடுத்தேன். தேர்தல் வந்தால் நாமாகக் கொண்டுபோய் ஒப்படைப்பது உண்டு, அப்போது ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வருவேன், அது ஒரு மரியாதை. இந்தத் தடவை தெரு முழுக்க வேடிக்கை பார்க்க போலீஸ்காரர் ஒருவர் என் அப்பாவின் துப்பாக்கியை ஜீப்பின் பின்சீட்டில் போட்டார். சந்தனம் அப்படியே காய்ந்து கட்டையில் ஒட்டியிருந்தது. உங்கள் மகன்மேல் வழக்குப் போட்டால் பாஸ்போர்ட்டுக்கே சிக்கல் வரும், உங்கள் வயசைப் பார்த்து இப்போதைக்கு எழுதி மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றார் எஸ்.ஐ. உன் அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

நீ அழித்துவிட்டேன் என்கிறாய். நீ அழித்தால் அது அழிந்துவிடுமா? எவனோ ஒருவன் அதை எடுத்து இன்னும் மோசமான பாட்டைப் போட்டு விட்டிருக்கிறான், பனவடலிசத்திரம் டீக்கடையில் ஒருத்தன் என்னைக் கண்டதும், "மாமா, நம்ம அருண் கலக்கிட்டான்லா" என்கிறான். அவன் முகத்தில் டீயை ஊற்றாமல் வந்தது என் பெருந்தன்மை. நம் ஆட்களில் ஊருக்குப் பத்துப் பேர் இப்படி இருப்பார்கள், அவர்கள் கை தட்டுவதற்காக நீ படித்த படிப்பையும் கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிற வேலையையும் வைத்துக்கொண்டு நடித்திருக்கிறாய். அங்கே உன் ஆபீசில் மலையாளியும் பாகிஸ்தான்காரனும் பிலிப்பைன்ஸ்காரியும் பக்கத்துப் பக்கத்து மேஜை என்றாய், அங்கே நீ யாரிடமாவது எந்தப் பரம்பரை என்று கேட்பாயா? கேட்டால் அன்றைக்கே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவான். இங்கே வந்ததும் மட்டும் உனக்கு நாலு தலைமுறை ஞாபகம் வருகிறது.

அந்த நாலு தலைமுறையில் மூன்றாவது நான். சாதிக் கலவரம் நடந்த வருஷம் நீ இரண்டாம் வகுப்புப் படித்தாய், உனக்கு ஞாபகம் இருக்காது, பள்ளிக்கூடம் லீவு என்று குதித்தது மட்டும் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் தினம் ஒரு செய்தி வந்துகொண்டிருந்த நேரம். நம் தெரு ஆட்கள் ஒரு கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள், உன் அம்மாவின் அண்ணன்மாரும் அதில் இருந்தார்கள். துப்பாக்கியைக் கொடு, நீ வர வேண்டாம், துப்பாக்கி மட்டும் போதும் என்றார்கள். தாத்தா அப்போது படுக்கையில் இருந்தார், உள்ளிருந்தே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு நான் தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "பன்னிக்கு வாங்குனது பன்னியோட நிக்கட்டும்லே" என்றார், அவ்வளவுதான் சொன்னார். விடிந்ததும் எல்லாத் துப்பாக்கியையும் சைக்கிளில் குழல் தரையைப் பார்க்கக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன், பஸ் ஓடவில்லை. ஓடைப் பக்கமாகப் போக ஒரு வழி இருந்தது. நான் நம் ஆட்கள் எதிரி என்று சொல்கிற சனம் குடியிருக்கிற தெற்குத்தெரு வழியாகப் போனேன். துப்பாக்கி ஊரைவிட்டுப் போகிறது என்று அந்தத் தெரு தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். பயமாகத்தான் இருந்தது, அவர்களுக்கு என்னைக் கண்டு பயம், எனக்கு அவர்களைக் கண்டு பயம். எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரே ஒரு ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்து, "எங்க அண்ணாச்சி இதுகளக் கொண்டு போறீய" என்று கேட்டார். ஸ்டேஷனுக்கு என்றேன். "நில்லுங்க, மெயின் ரோடு வரைக்கும் நானும் வாரேன், ஒத்தையில போவாதிய" என்று சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். அவர்தான் நம் மேலக்காட்டுக்கு அடுத்த காட்டுச் சுடலைராஜ். அந்த வருஷம் பன்றி நம் கடலையை முழுக்கத் தின்றது, உன் மாமன்மார் பல வருஷம் நம் வீட்டுப் படி ஏறவில்லை, கோயில் கொடைத் திருவிழாவில் எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை வேறொருவருக்குக் கட்டினார்கள். நான் ஒன்றுக்கும் வருத்தப்படவில்லை, இன்றைக்கு வரைக்கும்.

அந்தச் சுடலைராஜ், ஜீப் வந்துபோன மறுநாள் காட்டுக்கு வந்தார். நாற்பது வருஷமாக இரண்டு பேரும் சேர்ந்துதான் பன்றிக் காவல், அவர் தகரம் அடிப்பார், நான் வானத்தைப் பார்த்து ஒன்று வெடிப்பேன், அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் போவேன், என் காட்டு வேலைக்கு ஆள் அவர்தான் பேசிவிடுவார். அவர் வரப்பைத் தாண்டாமல் தன் பக்கமே நின்றுகொண்டு, "அண்ணாச்சி, அந்த வீடியோவ எம்மவன் கொண்டாந்து காட்டுனான்" என்றார். "கொழலு எம்மவன் நெஞ்சுக்கு நேரா நிக்கி. அதுல பன்னி எங்கன இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே பதில் வேண்டும் என்று கேட்டார். நீ சொல்லு, உன்னிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்பு, நான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பாய். "அவன் யாருப்பா நம்மளக் கேக்க" என்றாய். உன் அப்பன் வயசுக்குப் பக்கத்து வயசு ஆளை அவன் என்றாய். சின்னப் பிள்ளையில் நீ கிணற்றுத் தொட்டியில் வழுக்கி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டபோது தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் அவர்தான். அந்தத் தழும்பு வீடியோவில் கறுப்புக் கண்ணாடிக்கு மேலே நன்றாகத் தெரிகிறது.

பிறகு நடந்ததைக் கேள். போன வாரம் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள், போனேன். எஸ்.ஐ. இந்தத் தடவை உட்காரச் சொன்னார். தெற்குத்தெருவில் விசாரித்தோம், யாரும் வாய் திறக்கவில்லை, ஒருவர் மட்டும் தானாக வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார், அதை வைத்து நல்லபடியாகவே அறிக்கை அனுப்புகிறேன், வருகிற தேர்தல் முடிந்தபிறகு துப்பாக்கி உங்களுக்கே வந்துவிடும் என்றார். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. சுடலைராஜ் சொன்னதை எஸ்.ஐ. அப்படியே சொல்லிக் காட்டினார், "அந்தத் துப்பாக்கி எங்க காட்டுக்கும் சேத்துத்தான் சார் வெடிச்சுது. ஆள் மேல திரும்புனது கெடையாது. திருப்புனது வெளிநாட்டுல இருந்து வந்தவரு." வெளிநாட்டிலிருந்து வந்தவர். உன் பேரைச் சொல்லக்கூட அவருக்கு மனசு வரவில்லை பார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. நேராகக் காட்டுக்குப் போனேன், வரப்பில் நின்று கும்பிட்டேன். அவர் கும்பிடவில்லை. "ஒங்களுக்காண்டி எழுதிக் குடுக்கல அண்ணாச்சி, எம் மக்காச்சோளத்துக்காண்டி குடுத்தேன், பன்னி வருதுல்லா" என்றார். சரி என்றேன். கொஞ்சம் நடந்தவர் திரும்பி நின்று, "ஆனா ஒங்க மவன் இனி ஊருக்கு வந்தா எங்க தெரு வழியா வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். நாற்பது வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் வேண்டாம் என்று சொன்ன முதல் வார்த்தை இது, அது உன்னால் வந்தது.

இப்போது மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம். அந்தி சாய்ந்தால் பன்றி குட்டியும் குளுவானுமாக இறங்கிவிடுகிறது. துப்பாக்கி இல்லை, அதனால் நானும் ஒரு தகரம் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் தன் பக்கம் நின்று அடிக்கிறார், நான் என் பக்கம் நின்று அடிக்கிறேன். முன்பெல்லாம் நடுவில் ஒரு பீடி பற்றவைத்துப் பேசிக்கொண்டிருப்போம், இப்போது தகரச் சத்தம் மட்டும்தான். பன்றிக்கு அதுவும் பழகிவிட்டது, ஓரமாக நின்று பார்த்துவிட்டு மறுபடியும் தின்கிறது. மேலக்காட்டில் கிழக்கு மூலை போய்விட்டது, அவர் காட்டில் அதைவிட அதிகம். உன் ரீல்ஸுக்கு எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, அதில் ஒருத்தனை வந்து தகரம் அடிக்கச் சொல்லேன்.

மற்ற விவரம், அம்மாவுக்கு முழங்கால் வலி தைலத்தில் கேட்கிறது, நீ அனுப்பிய மாத்திரை வயிற்றைப் பிடுங்குகிறது என்று நிறுத்திவிட்டாள். மழை இந்தத் தடவை பரவாயில்லை, கிணற்றில் பாதிக்குமேல் தண்ணீர். ராஜகுமாரி மேலநீலிதநல்லூரிலிருந்து வாரம் ஒரு தடவை வந்து போகிறாள், நீ அவளோடும் பேசுவதில்லையாமே, அவள் உன்னைப் போனில் வைதாளாம். தங்கச்சி வையத்தான் செய்வாள், வாங்கிக்கொள். அவளைப் பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது, லைசென்ஸை இனி பிள்ளைகள் பேருக்கு மாற்றிவிட வேண்டும். ஒற்றைக்குழல் உனக்கு, இரட்டைக்குழல் உனக்குப் பிறகு அபிஷேக்குக்கு என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், உன் அம்மாவிடமும் சொல்லியிருந்தேன். இப்போது அது இல்லை. இரட்டைக்குழல் ராஜகுமாரிக்கு. அவள் காலேஜ் முடித்துவிட்டுக் கல்யாணம் ஆகும் வரைக்கும் வீட்டில் இருந்த வருஷம், "நானும் சொமக்குதேன்பா" என்று கேட்டாள், விளையாட்டு என்று நினைத்துக் கொடுத்தேன், விதைப்பிலிருந்து விதைப்பு வரைக்கும் என்னோடு காட்டுக்கு வந்து சுமந்தாள், ஒரு தடவைகூடக் குழல் திரும்பவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது, பெண்பிள்ளை என்று ஊர் பேசுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி ஊர் என்ன பேசினால் எனக்கென்ன. அவள் பக்கத்துக் காட்டிலும் பன்றி இருக்கிறது, அவளுக்குத் துப்பாக்கி உதவும். நீ சம்மதம் என்று அங்குள்ள நம் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியிருக்கும், மீட்டிங் என்று சொல்லாமல் போய்ப் போடு.

ஒற்றைக்குழல் பாக்கி இருக்கிறது. உன் கையில் இருந்து குறி பார்த்தது அதுதான். அதை அரசாங்கத்திடமே விட்டுவிடலாம், கரிமருந்துத் துப்பாக்கி போன வழியிலேயே இதுவும் போகட்டும் என்று ஸ்டேஷனிலிருந்து வருகிற வழியெல்லாம் நினைத்தேன். உன் அம்மா இதை நான் எழுதும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "இம்புட்டுக் காரமா எழுதுதியளே, புள்ள சோறு திம்பானா" என்கிறாள். பிள்ளை திம்பான், அதெல்லாம் நன்றாகத் திம்பான். இருந்தாலும் அவள் முகத்துக்காக ஒரு வழி வைக்கிறேன், ஒன்றே ஒன்று, இதில் பேரம் கிடையாது.

அடுத்த லீவுக்கு வருகிறபோது மதுரையிலிருந்து காரைப் பிடித்து நேராக வீட்டு வாசலில் வந்து இறங்காதே. மெயின் ரோட்டில் பஸ்ஸில் இறங்கு. கோகிலாவும் பிள்ளையும் பெட்டியும் ஆட்டோவில் வீட்டுக்கு வரட்டும், நீ மட்டும் நட. ஓடைப் பக்கம் வழி இருக்கிறது, அதில் வராதே. தெற்குத்தெரு வழியாக வா. வர வேண்டாம் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் வரச் சொல்கிறேன், வேண்டாம் என்று சொன்ன இடத்துக்குத் தனியாக நடந்து போவது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும், எனக்குத் தெரியும். கண்ணாடி வேண்டாம், மீசையை முறுக்க வேண்டாம். சுடலைராஜ் வீட்டு முன்னால் நின்று மாமா என்று கூப்பிடு, பேர் சொல்லி இல்லை. கதவைத் திறந்தால் செய்தது தப்பு என்று சொல்லு, அவரிடமும் அவர் மகனிடமும் சொல்லு, விளக்கம் எதுவும் சொல்லாதே. தண்ணீர் கேள். கொடுத்தால் அங்கேயே நின்று குடி, பாட்டில் தண்ணீர்தான் குடிப்பேன் என்று அபுதாபிப் பேச்சை அங்கே பேசாதே. கதவைத் திறக்காவிட்டால் திறக்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருக்காதே, தெருவே பார்க்கக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வா, மறுநாள் மறுபடியும் போ. போனை ஆட்டோவிலேயே பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடு. இதையும் எவனையாவது வைத்துப் படம் எடுத்து, மன்னிப்புக் கேட்ட மகராசன் என்று பாட்டுப் போட்டு விட்டாயானால் எனக்கு மகன் இல்லை, ராஜகுமாரி ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன், சத்தியமாகச் சொல்கிறேன்.

அவர் வீட்டுத் தண்ணீரைக் குடித்த வாயோடு நம் வாசலுக்கு வா. ஒற்றைக்குழலை உன் தோளில் நானே வைக்கிறேன். வெறுங்குழல்தான். லீவு முடிகிற வரைக்கும் காட்டுக்குச் சுமந்துகொண்டு வா, நான் வேலியோரம் உட்கார்ந்திருப்பேன். குழல் ஒரு தடவை திரும்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், உன் தாத்தா எனக்குச் செய்ததுதான். உனக்குக் கிடைக்கிற லீவில் ஒரு வருஷம் சேர எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள், கணக்கில் கெட்டிக்காரன்தானே. கணக்குப் போடும்போது என் வயசையும் சேர்த்துப் போடு.

அபிஷேக் போனில், "ஆச்சி, போலீஸ் என்னையும் பிடிக்குமா" என்று உன் அம்மாவிடம் கேட்டானாம். உன்னைப் பிடிக்காது மக்கா, உன் தோளில் துப்பாக்கியைச் சாய்த்தவரைத்தான் தாத்தா பிடிப்பேன் என்று சொல்லு. அவன் நன்றாகப் படிக்கட்டும். கோகிலா மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அவள் எடுக்க வேண்டாம் என்று சொன்னாளாம், நீதான் கேட்கவில்லையாம். உங்கள் மூன்று பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, கோபம் வேறு, அது வேறு. கோமதியம்மை புற்றுமண் பொட்டலம் கருப்பட்டிக்கு அடியில் இருக்கிறது, மூன்று பேரும் நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள்.

தூதரகக் கையெழுத்தை மறக்காதே. வருகிற தேதியை எழுது, போனில் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வெ. தங்கசாமி

பி.கு. வருகிற தேதி தெரிந்ததும் சுடலைராஜிடம் நானே போய்ச் சொல்லிவிடுவேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் இஷ்டம்.